எழுதியது ஆளா, ஆப்பா?

கோத்தகிரியில் ஒரு கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை, எல்லாம் ஒரே மேசையில். இருபது வருடமாக அடுத்தவர் எழுதியதைத் தட்டிக் கொடுப்பதுதான் சோறு போடுகிறது, அதனால் யார் எப்படி எழுதுவார் என்பதில் எனக்கு ஒரு கிறுக்கே பிடித்துவிட்டது. திங்கட்கிழமை ஊட்டி கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் கூட்டம் என்பதால் வெள்ளி, சனிக்கிழமைகளில் மனு எழுத ஆள் வரும். முன்பெல்லாம் எதிரே உட்கார்ந்து வாயால் சொல்வார்கள், நான் அதைச் சீர்படுத்தி அடிப்பேன். இப்போது இரண்டு வருடமாகப் போனை நீட்டி, “அண்ணா, எல்லாம் ரெடியா இருக்கு, பிரிண்ட் மட்டும் போட்டுக் குடுங்க” என்கிறார்கள்.

அப்படி வந்த மனு ஒன்று இப்படி ஆரம்பித்தது: “எங்கள் பகுதியில் அண்மைக் காலமாக வனவிலங்குகளின் நடமாட்டம் அதிகரித்து வருவது பொதுமக்களிடையே பெரும் அச்சத்தை ஏற்படுத்தியுள்ளது. இது வெறும் பாதுகாப்புப் பிரச்சினை மட்டுமல்ல, எங்கள் வாழ்வாதாரத்தையே பாதிக்கும் ஒரு சவாலாகும்.” ஒன்றரைப் பக்கம் இதே ஓட்டம். பிழை கிடையாது. கொண்டுவந்த தம்பியிடம், “என்ன விலங்குப்பா?” என்று கேட்டேன். “கரடிங்கண்ணா. அங்கன்வாடி கதவை உடைச்சு எண்ணெயக் குடிச்சுட்டு, பருப்பு மூட்டையக் கிழிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கு. மூணாவது தடவை.” கரடி, எண்ணெய், மூன்றாவது தடவை, இதில் ஒன்றுகூட மனுவில் இல்லை. அந்த மனு நீலகிரிக்கும் பொருந்தும், தர்மபுரிக்கும் பொருந்தும், யானைக்கும் பொருந்தும், தெருநாய்க்கும்கூடப் பொருந்தும்.

சரி, இதை ஏஐ எழுதியது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவனே சொன்னான். சொல்லாமல் இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேனா? கண்டுபிடித்திருப்பேன் என்றுதான் போன வருடம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாசகர் குழு பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்த கட்டுரைப் போட்டியில் என்னையும் ஒரு நடுவராகப் போட்டார்கள். தலைப்பு, ‘எங்கள் ஊரும் தேயிலையும்’. வந்தது நாற்பது கட்டுரை. கூட இருந்த இன்னொரு நடுவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், இங்கே எல்லாருக்கும் அவர் ‘சார்’தான். ஒரு பதினொன்றாம் வகுப்புப் பெண்ணின் கட்டுரையைப் பார்த்ததும் சார் முகம் மாறிவிட்டது. சந்திப்பிழை ஒன்றுகூட இல்லை, ஒவ்வொரு பத்தியும் அளந்து வைத்தாற்போல ஐந்து வரி, முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை. “இது பிள்ளை எழுதினது இல்லைப்பா” என்று சொல்லி, கட்டுரையை என் கம்ப்யூட்டரிலேயே அடிக்கச் செய்து, ஏஐ எழுத்தைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் ஒரு இலவச இணையதளத்தில் ஒட்டினார். 92 சதவீதம் இயந்திரம் என்று சிவப்பு எழுத்தில் வந்தது. சார் என்னைப் பார்த்தார், நான் சாரைப் பார்த்தேன்.

எனக்கு அந்தச் சிவப்பு எழுத்தில் நம்பிக்கை வரவில்லை. பழைய ஹார்டு டிஸ்கைத் தேடி, 2011-ல் ஒரு சங்கத்துக்காக நானே எழுதிக் கொடுத்த துண்டறிக்கையை எடுத்து அதே தளத்தில் ஒட்டினேன். சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தது 2022 நவம்பர் 30. அதற்குப் பதினோரு வருடம் முன்னால் பவர்கட்டில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு எழுதியது அது. 78 சதவீதம் இயந்திரமாம். சார் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

ஏன் இப்படிச் சொல்கிறது என்பதைத் தேடிப் படித்ததில் பிடிபட்டதைச் சொல்கிறேன். “கோத்தகிரியில் நேற்றிரவு பலத்த…” என்று நிறுத்தினால் அடுத்த சொல் என்னவாக இருக்கும்? மழை. இல்லையென்றால் காற்று. யாராவது ‘சிரிப்பு’ என்று எழுதினால் ஒரு நொடி நின்று திரும்பிப் பார்ப்போம் இல்லையா, அந்தத் திடுக்கிடலைக் கணினி எண்ணாகப் போட்டுப் பார்க்கும். சாட்ஜிபிடி போன்றவற்றுக்குள் இருக்கிற மொழி மாதிரிகள் (லாங்குவேஜ் மாடல்) எழுதுவதே இப்படித்தான், அடுத்து எது வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டுத் துண்டு துண்டாக அடுக்கிக்கொண்டே போகும். அதனால், எதிர்பார்த்த சொல்லே எதிர்பார்த்த இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் எழுதியது இயந்திரமாக இருக்கலாம் என்பது ஊகம். 2019-லேயே ஹார்வர்டும் எம்ஐடி–ஐபிஎம் ஆய்வுக்கூடமும் சேர்ந்து இதற்கு ஒரு கருவி செய்தார்கள். இயந்திரம் முதல் பத்துக்குள் ஊகித்திருக்கக்கூடிய சொல்லுக்குப் பச்சை, நூறுக்குள் மஞ்சள், ஆயிரத்துக்குள் சிவப்பு, அதற்கும் அப்பால் ஊதா. மனிதன் எழுதியதில் ஊதாவும் சிவப்பும் அங்கங்கே தெறிக்கும், இயந்திரம் எழுதியது தேயிலைச் சரிவு மாதிரி ஒரே பச்சை. 2023 ஜனவரியில் பிரின்ஸ்டன் மாணவர் எட்வர்ட் தியான் வெளியிட்ட ஜிபிடிஜீரோ இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்த்தது. மனிதன் ஒரு வாக்கியத்தை மூச்சுமுட்ட நீட்டுவான், அடுத்ததை நாலே சொல்லில் முடிப்பான். இயந்திரம் சீராக நடக்கும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் திடுக்கிடல் கணக்கு எழுதியது யார் என்பதை அளக்கவே இல்லை, எழுத்து எவ்வளவு வழக்கமானது என்பதைத்தான் அளக்கிறது. அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தைப் போட்டால் இயந்திரம் எழுதியது என்று சில கருவிகள் சொன்னது 2023-ல் பெரிய வேடிக்கையானது. 1787-ல் எழுதப்பட்ட சாசனம் அது. ஆனால் எத்தனையோ இடங்களில் பதிந்து கிடப்பதால் மாதிரிகளுக்கு அது மனப்பாடம், மனப்பாடமானதில் திடுக்கிட எதுவுமில்லை, அதனால் பச்சை. என் துண்டறிக்கையும் அப்படித்தான் மாட்டியிருக்க வேண்டும். ‘பொதுமக்களின் நலன் கருதி’, ‘உரிய நடவடிக்கை எடுக்குமாறு’, ‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்று நானே ஒரு இயந்திரம் மாதிரிதானே எழுதியிருக்கிறேன்.

இங்கே நம் மலைக்கு நேராகப் பொருந்துகிற ஒரு விஷயம் இருக்கிறது. 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கண்டுபிடிப்புக் கருவிகளை எடுத்துச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்கிற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 சதவீதத்துக்கும் மேல் இயந்திரம் எழுதியது என்று தவறாக முத்திரை குத்தின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் அந்தத் தப்பு அவ்வளவாக நடக்கவில்லை. காரணம் லேசுதான். இரண்டாம் மொழியில் எழுதுகிறவர் தெரிந்த சொல்லை, படித்த அமைப்பை, பத்திரமான வாக்கியத்தைத்தான் எடுப்பார், விளையாட மாட்டார். அந்தப் பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, வருகிறவள். வீட்டில் பேசுவது படுகு, பள்ளியில் எழுதுவது தமிழ். அவளுக்குத் தமிழ் பெரும்பாலும் புத்தகத்திலிருந்து வந்தது, எனவே புத்தகம் மாதிரியே திரும்பிப் போகிறது. மதுரைப் பையன் எழுத்தில் தெரியாமல் நுழைந்துவிடுகிற வீட்டுப் பேச்சு அவள் எழுத்தில் நுழைய வழியே இல்லை, அவள் வீட்டுப் பேச்சு வேறு மொழி. இதைத்தான் அந்தத் தளம் 92 என்றது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரி கடைசியில் ஒரு கண்டுபிடிப்புக் கருவியை வெளியிட்டது. இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தை அது பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை இயந்திரம் என்று தவறாகச் சொன்னது, இதை அவர்களே அறிவித்தார்கள், ஆங்கிலத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள் என்றும் சொன்னார்கள். துல்லியம் போதவில்லை என்று அதே ஜூலையில் இழுத்து மூடிவிட்டார்கள். எங்கள் நாற்பது கட்டுரைக்கு அந்தக் கருவி கிடைத்திருந்தால் என்ன ஆகும்? நாலு பேர் ஏஐயை வைத்து எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாலில் 26 சதவீதம், ஒருத்தர் மாட்டுவார். மிச்சம் முப்பத்தாறில் 9 சதவீதம், மூன்று பேருக்குக் கொஞ்சம் மேல். ஆக மேடைக்குக் கூப்பிட்டுத் திட்டுகிற நாலு பிள்ளையில் மூன்று பிள்ளை ஒன்றும் செய்யாதவர்கள், செய்த மூன்று பேர் பின்வரிசையில் கடலை தின்றுகொண்டிருப்பார்கள். கருவி இதைவிட எவ்வளவோ தேவலை என்றாலும் சிக்கல் போகாது. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் தாங்கள் வாங்கியிருந்த கருவியின் ஏஐ சோதனையை நிறுத்திவைத்தபோது சொன்ன கணக்கு இது: 2022-ல் அங்கே சோதனைக்குப் போனவை 75,000 தாள்கள், நூற்றுக்கு ஒன்றுதான் தப்பாகும் என்று வைத்தாலும் சுமார் 750 தாள்கள்மேல் வீண்பழி விழுந்திருக்கும்.

சாருக்கு அப்போதும் மனசு ஆறவில்லை. “அப்போ அந்த ஏஐகிட்டயே கேட்டுருவோமே, நீதான் எழுதினியான்னு” என்றார். இதை 2023 மே மாதம் டெக்சாஸில் ஒரு பேராசிரியர் செய்தே விட்டார். மாணவர்களின் தாள்களை சாட்ஜிபிடியில் ஒட்டி, நீ எழுதியதா என்று கேட்க, அது ஆமாம் ஆமாம் என்று தலையாட்ட, வகுப்பு மொத்தமும் பட்டம் கிடைக்குமா கிடைக்காதா என்று தவித்து, செய்தி உலகம் சுற்றியது. தான் யாருக்கு என்ன எழுதிக் கொடுத்தோம் என்ற பேரேடு எதையும் அது பார்த்துப் பதில் சொல்வதில்லை. கேள்விக்கு அடுத்து வர வாய்ப்புள்ள பதில் எதுவோ அதை எழுதும், அவ்வளவுதான். திருக்குறளைப் போட்டு நீ எழுதியதா என்று கேட்டாலும் நல்ல மூடில் இருந்தால் ஆமாம் என்று சொல்லிவிடும்.

சரி, கருவி வேண்டாம், கண்ணால் படித்துக் கண்டுபிடிக்க முடியாதா? தமிழைப் பொறுத்தவரை எனக்குத் தட்டுப்பட்ட சில தடயங்கள் உண்டு, அவற்றைச் சொல்லிவிட்டு அவற்றையே நான் ஏன் நம்புவதில்லை என்பதையும் சொல்கிறேன். முதலாவது, தமிழ்ச் சட்டைக்குள் இருக்கிற ஆங்கில உடம்பு. ‘வெறும் இது மட்டுமல்ல, அதுவும்கூட’ என்று பத்திக்கு ஒருமுறை வரும். ‘முக்கியப் பங்கு வகிக்கிறது’ வரும். தேவையே இல்லாத இடத்தில் ‘ஒரு’ வந்து உட்காரும், ‘அவர் ஒரு ஆசிரியர் ஆவார்’ மாதிரி. எதைச் சொன்னாலும் மூன்றாகச் சொல்லும், அழகும் அமைதியும் ஆன்மாவும் என்று. தேயிலை விவசாயம் ‘பயணம்’ ஆகிவிடும். ஒவ்வொரு பத்தியும் கடைசி வரியில் நின்று கைகூப்பி ஒரு தத்துவம் சொல்லிவிட்டுத்தான் போகும்.

இரண்டாவது எனக்கு ரொம்பப் பிடித்த தடயம், பிழைகள். மனிதர்களின் பிழை காதிலிருந்து வருகிறது. பறிக்கிறார்கள் என்பது ‘பரிக்கிறார்கள்’ ஆகும், மழை ‘மளை’ ஆகும், கவனம் ‘கவணம்’ ஆகும். இயந்திரத்துக்குக் காது இல்லை, அது துண்டுகளை ஒட்டுகிறது, அதனால் அதன் பிழை ஒட்டுப் போட்ட இடத்தில் வரும். ‘கொழுந்துகளை அறுவடைக்கிறார்கள்’ என்று ஒரு கட்டுரையில் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை, ஆனால் இப்படி ஒரு வினைச்சொல்லை எந்த அம்மாவும் எந்த நாளும் சொன்னதில்லை. ஏன் இப்படி ஆகிறது என்றால், ‘கொழுந்து’ நமக்கு நாலு எழுத்து. கணினிக்குள் யூனிகோடாகப் போனால் எட்டுக் குறியீடு, வழக்கமான சேமிப்பு முறையில் குறியீட்டுக்கு மூன்று பைட் என்று 24 பைட். ஆங்கில ‘டீ’க்கு அதே இடத்தில் மூன்றே பைட். மாதிரிகள் படிக்கிற துண்டுகள் ஆங்கிலத்துக்குத் தோதாக வெட்டப்பட்டிருந்தபோது தமிழ்ச் சொல் பொடிப்பொடியாக நொறுங்கித்தான் உள்ளே போனது, வெளியே வரும்போதும் பொடியைக் குழைத்து உருட்டிய மாதிரி வந்தது. 2024 மே மாதம் ஜிபிடி–4ஓ என்கிற புது மாடல் வந்தபோது, உதாரணத்துக்கு எடுத்த ஒரு தமிழ் உரை முன்பு 116 துண்டு ஆனது, இப்போது 35 துண்டுதான் என்று ஓப்பன்ஏஐ காட்டியது. அறுவடைக்கிறார்கள் மாதிரியான வார்த்தைகள் அதற்கப்புறம் என் கண்ணில் படுவது குறைந்துகொண்டே வருகிறது. இந்தத் தடயம் ரொம்ப நாள் தாங்காது.

மூன்றாவது, ஊர். ஒரு கட்டுரையில் ‘ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் கோத்தகிரி’ என்று இருந்தது. தென்மேற்கு கொட்டித் தீர்ப்பது கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம். எங்களைத் தொட்டபெட்டா முதுகு காட்டி மறைத்துக்கொள்ளும், ஜூலையில் எங்களுக்குச் சாரலும் மூட்டமும்தான், பெருமழை என்றால் அக்டோபர், நவம்பர். இங்கே நாலு வருடம் குடை பிடித்த யாரும் இப்படி எழுத மாட்டார்கள், இது கண்டிப்பாக மெஷின்தான் என்று நான் துள்ளினேன். சார் அமைதியாக, “நீலகிரின்னாலே தென்மேற்குப் பருவமழைன்னுதான் நான் முப்பது வருஷம் சொல்லிக் குடுத்தேன், பிள்ளை அதை எழுதியிருக்கும்” என்றார்.

எல்லாத் தடயமும் இப்படித்தான் கையை விட்டு நழுவுகிறது. ‘முக்கியப் பங்கு வகிக்கிறது’ ஏஐ வருவதற்கு ஐம்பது வருடம் முன்பே செய்தித்தாளில், வானொலியில், அரசு அறிக்கையில் வந்துவிட்டது. மலைகளின் அரசி, பச்சைக் கம்பளம் விரித்தாற்போல், பஞ்சுப் பொதி மேகங்கள், இதையெல்லாம் சுற்றுலாக் கையேட்டில் எழுதியது நம் ஆட்கள். கடைசி வரியில் தத்துவம் சொல்லாவிட்டால் முடிவுரைக்கு மதிப்பெண் குறைத்தது நம் பள்ளிக்கூடம். நாம் எதை அதிகமாக எழுதினோமோ அதைத்தான் மெஷின் அதிகமாகக் கற்றது. அதைப் படித்துவிட்டு ‘மெஷின் மாதிரி இருக்கிறது’ என்று நாம் சொல்வது, கண்ணாடியைப் பார்த்து இந்த ஆள் யார் என்று கேட்கிற மாதிரி.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பழகிய கண் என்று ஒன்று இருக்கவே செய்கிறது. 2025-ல் வந்த ஓர் ஆய்வில், எழுத்து வேலைக்கு ஏஐயை அடிக்கடி பயன்படுத்துகிற ஐந்து பேரிடம் 300 ஆங்கிலக் கட்டுரைகளைக் கொடுத்தார்கள். ஐந்து பேரில் பெரும்பான்மை என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு என்று எடுத்துக்கொண்டதில், 300-ல் ஒன்றே ஒன்றுதான் தப்பிப் போனது. குன்னூர் தேயிலை ஏலத்துக்கு ருசி பார்க்கிறவர்கள் வரிசையாக நிற்கும் கோப்பைகளில் உறிஞ்சி, துப்பி, அடுத்ததற்குப் போய்க்கொண்டே இருப்பார்கள், எந்தத் தூள் எப்படி என்று பெயர் சொல்வார்கள், அந்த மாதிரி நாக்கு. அது ஒரு நாள் வாய்வைத்துப் பார்ப்பவனுக்கு வராது, சாருக்கும் எனக்கும் வரவில்லை. இன்னொன்று, மொத்தக் குவியலைப் பார்த்துச் சொல்வது வேறு, ஒரு மூட்டையைக் காட்டிச் சொல்வது வேறு. ஒன்றரைக் கோடி மருத்துவ ஆய்வுச் சுருக்கங்களை அலசியவர்கள், 2023-க்குப் பிறகு ‘டெல்வ்’ போன்ற சில ஆங்கிலச் சொற்கள் திடீரென்று பெருகியதை வைத்து, 2024-ல் வந்தவற்றில் குறைந்தது 13.5 சதவீதமாவது ஏஐ கைபட்டது என்று கணக்கிட்டார்கள். இது உறுதியான வேலை. ஆனால் ‘டெல்வ்’ என்று எழுதிய ஏதோ ஒரு மருத்துவரைக் கூப்பிட்டு நீதான் என்று சொல்ல அந்தக் கணக்கு உதவாது.

அப்படியானால் எழுதும்போதே அடையாளம் வைத்துவிடலாமே என்று கேட்கலாம். வைக்கிறார்கள். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தினர் 2023-ல் சொன்ன முறைப்படி, ஒவ்வொரு சொல்லை எழுதும்போதும் சொற்களை ரகசியச் சாவி ஒன்றை வைத்துப் பச்சை, சிவப்பு என்று பிரித்து, பச்சைப் பக்கம் லேசாகச் சாயும்படி மாதிரியைத் தட்டிவிட வேண்டும். படிக்கிற நமக்கு வித்தியாசம் தெரியாது, சாவி வைத்திருப்பவர் எண்ணிப் பார்த்தால் பச்சை சந்தேகத்துக்கு இடமில்லாமல் கூடியிருக்கும். கூகுள் இதே குடும்பத்தில் சிந்த்ஐடி என்று ஒன்றைச் செய்து, 2024 அக்டோபரில் நேச்சர் இதழில் வெளியிட்டது. ஆனால் வைத்தவர்கள் வைத்ததைத்தான் இது கண்டுபிடிக்கும். அடையாளம் வைக்காத மாதிரிகள் ஊருக்கு நூறு இருக்கின்றன, ஆங்கிலத்தில் எழுதவைத்துத் தமிழுக்கு மாற்றினாலோ, உட்கார்ந்து வாக்கியங்களை மாற்றி எழுதினாலோ பச்சைக் கணக்கு கலைந்துபோகும்.

இங்கே தேன் விற்கிறவர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை. தேனில் கலப்படத்தைக் கண்டுபிடிக்கச் சோதனை வந்தது, கரும்புச் சர்க்கரை கலந்தால் மாட்டியது. உடனே அரிசியிலிருந்து பாகு செய்தார்கள். அதற்கும் சோதனை வந்தது. பிறகு சோதனைகளில் தேறுவதற்கென்றே பாகு செய்ய ஆரம்பித்தார்கள், 2020 டிசம்பரில் டெல்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அதை வெளியே கொண்டுவந்தபோது, அவர்கள் எடுத்த 22 மாதிரிகளில் எல்லாச் சோதனையிலும் தேறியது ஐந்துதான். ஏஐ எழுதியதை ‘மனிதத்தன்மை’ ஏற்றித் தருகிறோம், எந்தக் கருவியிலும் மாட்டாது என்று விளம்பரம் போடுகிற ஆப்கள் இப்போது வந்திருக்கின்றனவே, அதுவும் அரிசிப்பாகுதான். குறும்பர் பழங்குடியினர் பாறையிலிருந்து இறக்கிய தேனை இங்கே ஒருவர் எப்படி நம்பி வாங்குகிறார் என்றால், தண்ணீரில் சொட்டுவிட்டுப் பார்த்தெல்லாம் இல்லை, யார் எடுத்தார், எந்தக் காட்டில், எந்த மாதம் என்று கேட்டு வாங்குகிறார்.

எழுத்திலும் பழைய ஆட்கள் செய்தது கிட்டத்தட்ட அதுதான். கம்பராமாயணத்தில் பின்னால் வந்தவர்கள் நுழைத்த பாடல்கள் ஏராளம். வெள்ளியம்பலத் தம்பிரான் சேர்த்தவை என்ற நம்பிக்கையில் அவற்றை வெள்ளிப் பாடல் என்பார்கள். பதிப்பாசிரியர்கள் எத்தனையோ ஏடுகளை ஒப்பிட்டு, எது எந்த ஏட்டில் இருக்கிறது, எதில் இல்லை என்று பார்த்து, கம்பன் நடை தெரிந்த கண்ணோடு பிரித்து, மிகைப்பாடல் என்று தனியே வைத்தார்கள். அமெரிக்காவில் அந்த அரசியலமைப்புச் சட்டத்தை ஆதரித்துப் புனைபெயரில் வந்த 85 ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில், எழுதியது ஹாமில்டனா மேடிசனா என்று தகராறான 12-ஐ மாஸ்டெல்லரும் வாலஸும் 1964-ல் புள்ளியியலால் தீர்த்தது பிரபலம். ‘அபான்’ மாதிரியான சின்னச் சொற்களை யார் எவ்வளவு தூவுகிறார் என்று எண்ணி, மேடிசன் என்று முடிவுக்கு வந்தார்கள். இரண்டு இடத்திலும் ஒப்பிட்டுப் பார்க்க அதே ஆளின் வேறு எழுத்து கையில் இருந்தது. வெறுமனே ஒரு தாளை நீட்டி இதை எழுதியது யார் என்று அவர்களிடம் கேட்டிருந்தால் அவர்களும் நம்மைப் போலத்தான் முழித்திருப்பார்கள். வருடம் முழுக்க அந்தப் பெண்ணின் நோட்டைத் திருத்திய தமிழாசிரியைக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட அந்த இணையதளத்துக்குத் தெரிய வழியில்லை.

ஆகவே அவளைக் கூப்பிட்டுப் பேசினோம். கட்டுரையின் நடுவில், உட்தலைப்புகளுக்கு அடியில் புதைந்து கிடந்த ஒரு வரியை நான் குறித்து வைத்திருந்தேன்: ‘மழைக்காலங்களில் ஈரத்தின் பொருட்டு எடையில் கழிவு செய்யப்படுவதால் என் தாயார் இலைகளைத் திண்ணையில் பரப்பி உலர்த்துவார்.’ மொழி அரசாணை மாதிரி இருந்தாலும் உள்ளே நிஜமாகவே ஒரு திண்ணை இருந்தது. எவ்வளவும்மா கழிப்பார்கள் என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். இலை வாங்குகிற ஏஜென்ட்டைப் பொறுத்து மாறுமாம், ஒருமுறை நூறு கிலோவுக்குப் பத்து கிலோ போனதாம், அப்பா சண்டை போட்டாராம், அடுத்த நாள் வண்டியே வரவில்லையாம், இலை சாக்கிலேயே சூடேறிப்போய்க் குழியில் கொட்டினார்களாம். பத்து நிமிடம் நிற்காமல் பேசினாள். “இதையெல்லாம் ஏம்மா எழுதலை?” என்று சார் கேட்டார். “கட்டுரையில இதெல்லாம் எழுதலாமா சார்?” பத்திக்கு ஐந்து வரி ஏன் என்றும் கேட்டேன். பத்தாம் வகுப்பில் அவளுடைய டீச்சர் போட்ட சட்டம், ஐந்துக்கு மேல் போனால் திருத்துகிறவர் படிக்க மாட்டார் என்று.

இன்னொரு கட்டுரை, நாங்கள் ஆகா என்று முதல் பரிசுக்கு எடுத்து வைத்திருந்தது. ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம், தோட்டத்து லயன் வீடு. அம்மா கொழுந்து பறிக்கும்போது வரிசைக்கு நடுவே காட்டெருமை வந்து நின்றுவிட, செடிக்குள் குனிந்து உட்கார்ந்து அது போகும்வரை காத்திருந்ததும், அன்றைக்கு எடை இருபது கிலோவைத் தாண்டவில்லை என்பதும் கதை. பேச்சு வழக்கு, கொச்சை, இரண்டு மூன்று பிழை, உயிரோடு இருந்தது. அவனையும் ஒரு நியாயத்துக்காகக் கூப்பிட்டோம். கூச்சமே இல்லாமல் சொன்னான், “எனக்கு எழுத வராது அங்கிள். போன்ல பேசினேன், ஏஐ எழுதிச்சு. எங்க அம்மா பேசற மாதிரி எழுதுன்னு சொன்னேன்.” மறுபடி படித்துப் பார்த்தேன். ‘அம்மாவின் இதயம் சிறகடிக்கும் பறவையாய்த் துடித்தது’ என்ற வரி முதல் தடவை எப்படி என் கண்ணில் படாமல் போனது என்று தெரியவில்லை. அது அவன் சொன்னதா என்று கேட்டேன். இல்லையாம், அது தானாகப் போட்டுக்கொண்டதாம், அழகாக இருந்ததால் விட்டுவிட்டானாம். இருபது கிலோ? “அது நான் சொன்னது. சீட்டு இருக்கு வீட்ல.”

அந்தக் கட்டுரையை எழுதியது யார்? காட்டெருமை அவனுடையது, இருபது கிலோ அவனுடையது, பறவை ஆப்புடையது, அம்மாவின் பேச்சு அம்மாவுடையது. சாரும் நானும் டீக்கடையில் ஒரு மணி நேரம் இதைப் பேசினோம். இருபது வருடமாக எத்தனை பேர் வாயால் சொன்னதை நான் என் நடையில் அடித்துக் கொடுத்திருக்கிறேன், அந்த மனுக்களை எழுதியது யார் என்று சார் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை, டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

பரிசு பெண்ணுக்குக் கொடுத்தோம், பையனுக்கு எதுவும் கொடுக்கவில்லை, அதில் எனக்கு இன்னும் உறுத்தல் இருக்கிறது. இந்த வருடம் போட்டியை நூலகத்திலேயே உட்காரவைத்து இரண்டு மணி நேரம் கையால் எழுத வைக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. எழுத வராதவர்கள் சொல்லலாம், நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் சொன்னபடியே எழுதித் தருவேன், ஒரு வார்த்தை கூட்டாமல். அந்தக் கரடி மனுவையும் அன்றைக்கு அப்படித்தான் அடித்தேன். தம்பி வாயால் சொன்னது ஏழு வரிதான் வந்தது. அவனுக்குத் திருப்தி இல்லை, மனு என்றால் ஒரு பக்கமாவது வேண்டாமா அண்ணா என்றான். இரண்டையும் பின் போட்டு, ஏழு வரியை மேலே வைத்துக் கொடுத்தனுப்பினேன்.